நின்றுபோன கோப்புகள்: இலங்கையில் ஊடகவியலாளர்கள், மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் மீதான வன்முறையும் தண்டனை விலக்கீடும் (1989 – 2025)

ஆய்வுச்சுருக்கம்

இலங்கையில் 1989 முதல் ஊடகவியலாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் கொல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் வந்துள்ளனர். இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்பட்ட வழக்குகளுள் ஒன்றிலேனும் கொலைக்காக எவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை. விசாரணை நடைபெறாமையே இதற்குக் காரணம் என்ற பொதுக்கருத்து முழுமையானதன்று. பெரும்பாலான நிகழ்வுகளில் விசாரணை தொடங்கி, ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது. ஒவ்வொரு வழக்கும் எந்தக் கட்டத்தில் நின்றது, எவ்வகையில் நிறுத்தப்பட்டது என்பதை வரலாற்று நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதன்மைச்சொற்கள்: இலங்கை, ஊடகவியலாளர் கொலை, தண்டனை விலக்கீடு, சட்டமா அதிபர், பயங்கரவாதத் தடைச் சட்டம், சாட்சியம்.

1. முன்னுரை

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2013-ஆம் ஆண்டு நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, ஊடகவியலாளர்களுக்கு எதிரான குற்றங்கள் தண்டனையின்றிப் போவதை முடிவுக்குக் கொண்டுவருவதற்கான பன்னாட்டு நாளாக நவம்பர் 2 கடைப்பிடிக்கப்படுகிறது. மாலி நாட்டில் அதே ஆண்டு நவம்பர் 2 அன்று கொல்லப்பட்ட இரு பிரெஞ்சு ஊடகவியலாளர்களின் நினைவாக அந்நாள் தெரிவுசெய்யப்பட்டது. இலங்கை ஊடக அமைப்புகளோ ஜனவரித் திங்களைக் 'கறுப்பு ஜனவரி' என்று நினைவுகூர்கின்றன. திருகோணமலையில் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் கொல்லப்பட்டது 2006 ஜனவரி 24. கொழும்பில் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டது 2009 ஜனவரி 8. பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டது 2010 ஜனவரி 24. நினைவுநாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன, வழக்குகள் நகரவில்லை.

இப்பொருளைக் குறிக்கத் தமிழில் 'தண்டனையின்மை', 'தண்டனை விலக்கீடு' என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. 'இன்மை' என்பது ஒன்று இல்லாதிருத்தலை மட்டும் சுட்டுவது. 'விலக்கீடு' என்பதோ, விலக்குவோர் ஒருவர் உளர் என்னும் பொருளையும் உட்கொண்டது. கீழே ஆராயப்படும் வழக்குகளின் போக்கு இரண்டாம் சொல்லையே பொருத்தமாக்குகிறது. ஆகவே இக்கட்டுரை அச்சொல்லையே ஆள்கிறது.

வன்முறைச் சாவு ஒன்று வழக்காகித் தீர்ப்பை அடையும்வரை பல படிகளைக் கடக்க வேண்டும். மரண விசாரணை, சட்ட மருத்துவ அறிக்கை, தடயங்களைப் பாதுகாத்தல், சந்தேக நபரை இனங்காணல், சட்டமா அதிபரின் முடிவு, நீதிமன்ற விசாரணை, தீர்ப்பு என்பன அவை. இப்படிகளை அளவுகோலாகக் கொண்டே வழக்குகள் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

2. சட்டப் பின்புலம்

தண்டனை விலக்கீடு போர்க்காலக் குழப்பத்தின் விளைவு மட்டுமன்று. அதற்குச் சட்ட நூலிலேயே வேர்கள் உண்டு. 1979-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகச் சட்டமாக இயற்றப்பட்டு, 1982-இல் நிலையானதாக்கப்பட்டது. அதன் 26-ஆம் பிரிவு, அச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக அலுவலர்கள்மீது வழக்குத் தொடர்வதைத் தடுத்தது. 1982-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்க இழப்பெதிர்காப்புச் சட்டம், 1977 ஆகஸ்டு வன்முறைக் காலத்தில் அரசுத் தரப்பினர் மேற்கொண்ட நடவடிக்கைகளுக்குப் பாதுகாப்பளித்தது. 1988-இல் செய்யப்பட்ட திருத்தம் அப்பாதுகாப்பை அவ்வாண்டு டிசம்பர்வரை நீட்டித்தது.

இவற்றைவிட ஆழமான விளைவை ஏற்படுத்தியது 1983 ஜூனில் நடைமுறைக்கு வந்த 15அ என்னும் அவசரகால ஒழுங்குவிதி. மரண விசாரணையோ உடற்கூற்றாய்வோ இன்றிச் சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் அது இடமளித்தது. முதற்படியான மரண விசாரணையே விலக்கப்படக் கூடியதாயின், அடுத்த படிகள் குறித்த கேள்விக்கே இடமில்லை. பின்னர் வந்த ஒழுங்குவிதிகள் மாறின எனினும், சாவை நீதிமன்றத்தின் பார்வைக்கு வராமற் செய்யலாம் என்னும் நிருவாகப் பழக்கம் அக்காலத்திலேயே உருப்பெற்றது எனலாம்.

சட்டமா அதிபரின் இரட்டை நிலையும் இங்குக் கருதத்தக்கது. இலங்கையில் சட்டமா அதிபர் அரசின் சட்ட ஆலோசகராவார். கடுங்குற்ற வழக்குகளில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யும் அதிகாரமும் அவரிடமே உள்ளது. குற்றஞ்சாட்டப்படுவோர் அரசின் படையினராக இருக்கும்போது இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 2006-இல் அமைக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவின் பணிகளைக் கண்காணிக்க அழைக்கப்பட்ட பன்னாட்டு வல்லுநர் குழு, இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி 2008-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அவ்வாணைக்குழுவின் அறிக்கை 2015-ஆம் ஆண்டே வெளியிடப்பட்டது.

3. வழக்குகள் நின்ற இடங்கள்

3.1 திறக்கப்படாத கோப்பு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளரும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் நிறுவுநர்களுள் ஒருவருமான ரஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் அவரும் ஒருவர். இலங்கை அரசு, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பின் மீறல்களையும் அவர் பதிவுசெய்து வந்தார். இக்கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு என அவருடைய உடன்பணியாளர்கள் கூறிவந்துள்ளனர். எனினும் எந்த நீதிமன்றத்திலும் எவர்மீதும் இக்குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. 1991-இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்ட கவிஞர் செல்வி திரும்பி வரவேயில்லை.

தண்டனை விலக்கீடு அரசுப் படைகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. ஆயுத இயக்கத்தின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதியில் சாட்சி சொல்ல எவரும் முன்வர இயலாது. 2009-இல் அவ்வியக்கம் அழிந்தபோது, பொறுப்புக்கூற வேண்டிய அமைப்பும் உடன் மறைந்தது. இங்குக் கோப்பு நின்றுபோகவில்லை. அது திறக்கப்படவே இல்லை.

3.2 இனங்காணலுக்குப் பின் நின்ற கோப்பு

இன்டர் பிரஸ் சர்வீஸ் செய்தி நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் டி சொய்சா 1990 பிப்ரவரியில் கொழும்பை அடுத்த தம் இல்லத்திலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் அவருடைய உடல் மொறட்டுவைக் கடற்கரைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலம் அது. கடத்த வந்தவர்களுள் ஒருவர் மூத்த காவல்துறை அதிகாரி என அவர் தாயார் மருத்துவர் மனோராணி சரவணமுத்து பின்னர் தொலைக்காட்சியில் கண்டு இனங்காட்டினார். போதிய சான்று இல்லை எனச் சட்டமா அதிபர் தரப்பு கருதியது. தாயாருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. இனங்காட்டப்பட்ட அதிகாரி 1993 மே 1 அன்று, அதிபர் பிரேமதாசா கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் இறந்தார். பின்னாளில் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர் மூவரும் 2005-இல் விடுவிக்கப்பட்டனர்.

கண்கண்ட சாட்சி இருந்தும் வழக்கு உரிய காலத்தில் தொடரப்படாமையால், பதினைந்து ஆண்டுகளில் அது தானாகவே வலுவிழந்தது. காலத்தாழ்வு இவ்வழக்குகளில் தற்செயலானதன்று; தீர்ப்பைத் தீர்மானிக்கும் காரணிகளுள் அதுவும் ஒன்று. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் ஒன்றிணைந்த அன்னையர் முன்னணியின் தலைவராக மனோராணி விளங்கினார். அக்காலத்தில் அத்தாய்மாரின் குரலை ஜெனீவாவுக்கு எடுத்துச்செல்ல முயன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்களுள் மகிந்த ராசபக்சவும் ஒருவர். பின்னாளில் அவருடைய ஆட்சிக்காலத்திலேயே லசந்த, எக்னெலிகொட ஆகியோரின் வழக்குகள் எழுந்தன. ஆகவே தண்டனை விலக்கீட்டைத் தனிமனிதர் இயல்பாகவோ ஒரு கட்சியின் இயல்பாகவோ மட்டும் விளக்குதல் போதாது.

3.3 வடக்கு, கிழக்கு: தொடக்கத்திலேயே நின்ற கோப்புகள்

பிபிசி தமிழோசைக்கும் சிங்கள சேவைக்கும் வீரகேசரி, ராவய ஆகிய இதழ்களுக்கும் செய்தி வழங்கிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 இரவு யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாகச் சுடப்பட்டு இறந்தார். வீட்டினுள் கையெறிகுண்டும் வீசப்பட்டது, குடும்பத்தினர் காயமுற்றனர். அம்மாதம் 10-ஆம் நாள் நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த முறைகேடுகளை அவர் வெளிக்கொணர்ந்திருந்தார். ஊரடங்கு நடைமுறையில் இருந்த வேளையில், படையினரின் காவல் மிகுந்த உயர் பாதுகாப்பு வலயத்தில் இக்கொலை நிகழ்ந்தது. அங்கு ஆயுதத்துடன் நடமாடக் கூடியவர்கள் மிகச் சிலரே. ஈழ மக்கள் சனநாயகக் கட்சியுடன் தொடர்புடையோர்மீது ஐயம் எழுந்தது. அக்கட்சி அதனை மறுத்தது. கைதானோர் பிணையில் சென்றனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், சட்டமா அதிபரின் அறிவுறுத்தலின்பேரில் சந்தேக நபர்கள் விடுவிக்கப்பட்டனர்.

வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று பணிக்குச் செல்லும் வழியில் கொல்லப்பட்டார். 'தராக்கி' என்னும் பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்திற்கு அண்மையில் பிணமாகக் கிடந்தார். 2006 மே 2 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தைய மாலையில், யாழ்ப்பாணம் உதயன் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் இருவர் உயிரிழந்தனர்.

இவற்றுள் சுகிர்தராஜன் கொலை தனித்துக் கருதத்தக்கது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் இறந்தபோது, அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்ததே காரணம் எனப் படைத்தரப்பு கூறியது. சுடர் ஒளி செய்தியாளரான சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள், உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை வெளிப்படுத்தின. மூன்று வாரங்களில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் 2013-இல் கைதான சிறப்பு அதிரடிப்படையினர் உள்ளிட்ட பதின்மூவரும் 2019 ஜூலையில் போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டனர். முதன்மைச் சாட்சிகள் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். ஒரு குற்றத்தின் சான்றைப் பதிவுசெய்தவர் கொல்லப்படுகிறார். பின்னர் சான்று போதாமையால் முதற்குற்றமும் தள்ளுபடியாகிறது. ஊடகவியலாளர் கொலை பிற குற்றங்களுக்கான தண்டனை விலக்கீட்டையும் உருவாக்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3.4 தடயம் மறைந்த கோப்பு

தி சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, 2009 ஜனவரி 8 காலை அத்திடியவில், மகிழுந்தில் பணிக்குச் செல்லும் வழியில் தாக்கப்பட்டு இறந்தார். மிக் போர் விமானக் கொள்வனவு பற்றிய அவ்விதழின் செய்திகள் தொடர்பாக, அப்போதைய பாதுகாப்புச் செயலர் கோத்தபய ராசபக்ச அவ்விதழ்மீது வழக்குத் தொடுத்திருந்தார். கொலையில் தமக்குத் தொடர்பில்லை எனக் கோத்தபய தொடர்ந்து மறுத்து வந்துள்ளார்.

துப்பாக்கிச் சூட்டால் சாவு நேர்ந்தது என்பது முதல் மருத்துவ அறிக்கை. 2016 செப்டம்பரில் உடல் தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் ஆராயப்பட்டபோது, கூரிய கருவியால் ஏற்பட்ட காயமே காரணம் என்ற முடிவு வெளிப்பட்டது. தம்மைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள்களின் பதிவெண்களை லசந்த குறித்துவைத்த குறிப்பேடு மறைக்கப்பட்டதாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. இது தொடர்பில் ஓய்வுபெற்ற துணைக் காவல்மா அதிபர் ஒருவர் 2018-இல் கைதுசெய்யப்பட்டார். கொலையாளிகள் பயன்படுத்தியதாகக் கருதப்பட்ட சிம் அட்டைகள், நுவரெலியாவைச் சேர்ந்த ஏழைத் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் அடையாள அட்டையைக் கொண்டு வாங்கப்பட்டிருந்தன. அவர் கைதாகி, 2011-இல் தடுப்புக்காவலிலேயே இறந்தார். இவ்வழக்கில் காவலில் உயிரிழந்தவர், தம் அடையாள அட்டை களவாகப் பயன்படுத்தப்பட்ட அந்த ஒருவரே என்பது வரலாற்றின் கொடிய முரண்.

2025 ஜனவரி இறுதியில் சந்தேக நபர்கள் மூவருக்கு எதிராக மேல் நடவடிக்கை இல்லை எனச் சட்டமா அதிபர் அறிவித்தார். கடும் எதிர்ப்பு எழுந்த பின், பிப்ரவரியில் அம்முடிவு விலக்கிக்கொள்ளப்பட்டது. வழக்கின் உயிர் ஒரு கடிதத்தில் தங்கியிருப்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

3.5 நீதிமன்றத்தை அடைந்த கோப்புகள்

கேலிச்சித்திரக் கலைஞரும் பத்தி எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட, அதிபர் தேர்தலுக்கு இரு நாள்கள் முன்னர் காணாமற்போனார். 2011 நவம்பரில் ஜெனீவாவில், ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழுவின்முன், அவர் வெளிநாடு ஒன்றில் வாழ்வதாக முன்னாள் சட்டமா அதிபர் மொகான் பீரிஸ் கூறினார். 2012-இல் ஓமாகம நீதவான் நீதிமன்றத்தில் உசாவப்பட்டபோது, அதற்கான தகவல் எதையும் அவரால் தர இயலவில்லை.

2015 ஆட்சி மாற்றத்துக்குப் பின் இராணுவப் புலனாய்வுப் பிரிவினர் கைதாயினர். 2016 ஜனவரியில் அந்நீதிமன்றத்திலேயே ஞானசார தேரர் நீதிபதியின் முன்னிலையில் கூச்சலிட்டதுடன், பிரகீத்தின் மனைவி சந்தியாவையும் மிரட்டினார். நீதிமன்ற அவமதிப்புக்காக 2018-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2019 மே மாதம் அதிபர் சிறிசேன அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். புலனாய்வுப் பிரிவினர் ஒன்பதின்மர்மீது பின்னர் மூவர் கொண்ட சிறப்பு மேல் நீதிமன்றில் குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று.

கடத்தல்களுக்கு எதிரான குடிமக்கள் கண்காணிப்புக் குழுவில் முன்னின்ற வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் கொல்லப்பட்டார். அவ்வழக்கு தீர்ப்புவரை சென்றது. ஆனால் 2016 டிசம்பர் 24 அதிகாலையில், சிங்கள உறுப்பினர்களை மட்டுமே கொண்ட ஜூரிகள் சபை, கடற்படைப் புலனாய்வினர் உள்ளிட்ட ஐவரையும் குற்றமற்றவர் எனக் கண்டது.

4. விரைந்து முடிந்த ஒரு வழக்கு

நீதித்துறையின் ஆற்றற்குறைவே இத்தாழ்வுகளுக்குக் காரணம் என்று கருத இடமுண்டா? அதற்கு விடை பகர்வது ஜே. எஸ். திசைநாயகத்தின் வழக்கு. போரில் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துன்பத்தைப் பற்றித் தாம் நடத்திய இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக அவர் 2008 மார்ச் 7 அன்று கைதுசெய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2009 ஆகஸ்டு 31 அன்று அவருக்கு இருபதாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் பதினெட்டு மாதங்களுக்கும் குறைவு. 2010 மே மாதம், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளை ஒட்டி, அவருக்கு மன்னிப்பு அறிவிக்கப்பட்டது.

அதே நாடு, அதே சட்டமா அதிபர் திணைக்களம், அதே நீதிமன்ற ஒழுங்கு. எழுதியவர்மீதான வழக்கு பதினெட்டு மாதங்களுக்குள் முடிந்தது. எழுதியவரைக் கொன்றவர்மீதான வழக்கு இருபது ஆண்டுகளிலும் முடியவில்லை. ஆற்றல் இருந்தது, அது செலுத்தப்பட்ட திசையே வேறு.

5. விசாரித்தோர்மீதான விசாரணை

2015 முதல் 2019 வரை குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தொலைபேசித் தரவுகளைக் கொண்டு பல வழக்குகளை முன்னெடுத்தது. 2019 நவம்பரில் கோத்தபய ராசபக்ச அதிபரான சில நாள்களில், இவ்வழக்குகளை விசாரித்த அதிகாரி ஒருவர் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்த சானி அபேசேகர 2020 ஜூலையில் கைதாகி, ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் தடுப்பில் வைக்கப்பட்டார். அரசியல் பழிவாங்கல் பற்றி ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழு, எக்னெலிகொட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவிக்கவும் விசாரித்த அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரைத்தது. தண்டனை விலக்கீடு முன்னர் விசாரணையைத் தடுத்தது. இக்கட்டத்தில் விசாரணையையே குற்றமாக்கியது.

உள்நாட்டில் வழியடைந்தமையால் உறவினர் வெளிநாடுகளை நாடினர். லசந்தவின் மகள் அகிம்சா 2019-இல் கலிபோர்னியாவில் தொடுத்த உரிமையியல் வழக்கு, அரசுப் பதவிவழி விலக்குரிமையின் அடிப்படையில் தள்ளுபடியாயிற்று. 2022 பிப்ரவரியில் லண்டன் மாநகரக் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவு, நிமலராஜன் கொலை தொடர்பில் இங்கிலாந்தில் ஒருவரைக் கைதுசெய்தது. யாழ்ப்பாணத்தில் கோப்பு மூடப்பட்ட மறு ஆண்டே இது நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது. 2022-இல் தி ஏக்கு நகரில் கூடிய மக்கள் தீர்ப்பாயம் லசந்த வழக்கில் இலங்கை அரசைப் பொறுப்பாளியாகக் கண்டது. அத்தீர்ப்புக்குச் சட்ட வலிமை இல்லை.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, தண்டனை விலக்கீடு ஒரே இடத்தில் நிகழ்வதன்று. மரண விசாரணை முதல் பொதுமன்னிப்புவரை ஒவ்வொரு படியிலும் அது நிகழக்கூடும். ஒரு படியில் அடைப்பு நீங்கினால் அடுத்த படியில் அது தோன்றுகிறது. ஆகவே ஆட்சி மாற்றத்தால் மட்டும் இது தீராது.

இரண்டாவதாக, வழக்குகள் சென்ற தொலைவு ஒன்றாக இல்லை. ரவிராஜ் போன்ற மக்கள் பிரதிநிதியின் வழக்கு நீங்கலாக, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இடங்களின் தமிழ்ச் செய்தியாளர் கோப்புகள் கைது அல்லது பிணை என்னும் அளவிலேயே நின்றன. கொழும்பின் வழக்குகளோ மறு உடற்கூற்றாய்வு, குற்றப்பத்திரம் என்னும் கட்டங்களை எட்டின. படையினர் ஆட்சி நிலவிய பகுதிகளில் சாட்சிகளுக்கிருந்த அச்சமும், வட்டாரச் செய்தியாளருக்குப் பன்னாட்டுக் கவனம் குறைவாகக் கிடைத்தமையும் இதற்குக் காரணங்களாகலாம். எனினும் இரு தொகுதிகளும் தண்டனையின்றியே உள்ளன என்பது அவற்றை இணைக்கும் கண்ணி.

மூன்றாவதாக, சட்டமா அதிபரின் இரட்டைக் கடமை நீடிக்கும்வரை, அரசுத் தரப்பினர் குற்றஞ்சாட்டப்படும் வழக்குகளைத் தொடரும் முடிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இராது. தனி வழக்குத்தொடர் அலுவலகம் வேண்டும் என்னும் கோரிக்கையின் வரலாற்று நியாயம் இதுவே.

நான்காவதாக, தமிழ் ஆய்வுலகுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வடக்கு, கிழக்கின் கோப்புகள் நீதிமன்றத்தில் தொடக்கத்திலேயே நின்றுவிட்டமையால், அக்கொலைகளைப் பற்றிய முதன்மைச் சான்றுகளாக எஞ்சியிருப்பவை அக்கால நாளிதழ்களும் ஒளிப்படங்களும் உறவினரின் வாய்மொழிகளுமே. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021-ஆம் ஆண்டுத் தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பேணும் பணியைத் தொடங்கியுள்ளது. நாளிதழ்த் தொகுதிகளை எண்ணிமப்படுத்துதல், தேதிவாரியாக அட்டவணைப்படுத்துதல், வாய்மொழிகளைப் பதிவுசெய்தல் ஆகியவை தமிழியல் ஆய்வாளர்களால் இயலக்கூடிய பணிகள். சாட்சிகள் முதுமையடைந்து வருகின்றனர்; சந்தேக நபர்களும் அவ்வாறே. கோப்பு என்றேனும் மீண்டும் திறக்கப்படின், அதனுள் வைப்பதற்குச் சான்று இருக்க வேண்டும்.